ரெட்மைனை அப்டேட் செய்யும் முன் மெயில் இழுக்கும் கிரானைப் பாருங்கள்

கோயம்புத்தூரில் முப்பது பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் சப்போர்ட் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதிக்காரர்கள். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் தாண்டி ஷிப்பிங் பில் வரைக்கும் அவர்களுக்கு எங்கள் சாஃப்ட்வேரில்தான் ஓடும். ஏதாவது கோளாறு என்றால் ஒரு மெயில் போடுவார்கள். அந்த மெயில் தானாகவே ரெட்மைன் என்ற மென்பொருளில் டிக்கெட்டாக, அதாவது எண் போட்ட ஒரு புகார்ப் பதிவாக, மாறிவிடும், டிக்கெட் எண் அவர்களுக்குப் போய்விடும், எங்கள் டீம்ஸ் குரூப்பில் ஒரு செய்தி வந்து விழும். புரோகிராமர் சரிசெய்து, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் கமிட் போடும்போது டிக்கெட் எண்ணை எழுதினால் அந்த மாற்றம் டிக்கெட்டிலேயே தெரியும். மாதக் கடைசியில் யார் எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்பதைக் கணக்குப் பிரிவு அங்கிருந்துதான் எடுத்து பில் போடும். 2024 தீபாவளி முடிந்த கையோடு இந்த ரெட்மைனை அப்டேட் செய்தோம். அப்போது பட்டதைத்தான் எழுதுகிறேன். அன்றைக்கு நான் தேடியபோது கிடைத்ததெல்லாம் ரெட்மைனை எப்படி நிறுவுவது என்பது மட்டும்தான். அதோடு கட்டிவைத்திருக்கும் மற்ற வேலைகள் சத்தமே இல்லாமல் எப்படி நின்றுபோகும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரெட்மைன் 2006-லிருந்து இருக்கும் இலவச மென்பொருள், ழான்-பிலிப் லாங் என்பவர் ரூபி ஆன் ரெயில்ஸில் தொடங்கியது. நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம், ஆளுக்கு இத்தனை ரூபாய் என்று மாதா மாதம் கட்ட வேண்டியதில்லை. சின்னக் கம்பெனிகள் அதை இன்னும் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். எங்களிடம் இருந்தது 2017-ல் வந்த 3.4. அதை நிறுவி மெயில், கிட், டீம்ஸ் எல்லாவற்றையும் இணைத்தவர் பெங்களூருக்கு வேலை மாறிப் போய்விட்டார். அதன்பிறகு யாரும் தொடவில்லை, தொடத் தேவையும் வரவில்லை. ஒரு பெரிய வாடிக்கையாளர் பாதுகாப்புக் கேள்விப் பட்டியல் ஒன்று அனுப்பினார். "நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கு இன்னும் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றனவா? வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளைப் பூட்டிவிட்டீர்களா?" இந்த இரண்டுக்கும் ஆமாம் என்று எழுத முடியவில்லை. எங்கள் எம்.டி. என்னைக் கூப்பிட்டு, "நீங்களே பார்த்து முடிச்சிடுங்க" என்றார். வெளியிலிருந்து ஒருவரைப் பிடித்துக்கொள்ள நாற்பதாயிரம் ரூபாய் ஒதுக்கினார்.

அப்டேட் என்ற வேலை, உண்மையைச் சொன்னால், பயந்த அளவுக்கு இல்லை. 3.4-லிருந்து இடையில் 4-ல் நின்று போக வேண்டியதில்லை, நேராக 5.1-க்குப் போகலாம். தரவுத்தளத்தை அதுவே படிப்படியாக மாற்றிக்கொள்ளும். அந்த நவம்பரில்தான் 6.0 வந்திருந்தது. எங்கள் பிளகின்கள் (கூடுதல் வசதிக்காக ரெட்மைனோடு சேர்க்கும் துணை நிரல்கள்) அதற்குத் தயாராக இல்லாததால் 5.1 போதும் என்று முடிவெடுத்தோம். இப்போதும் அது சரியான முடிவென்றே நினைக்கிறேன். புதிதாக வந்ததைவிட, நீங்கள் நம்பியிருக்கும் பிளகின்கள் எந்தப் பதிப்புக்குத் தயாரோ அதைப் பிடியுங்கள். முதலில் மாட்டிக்கொண்டது பிளகின்களில்தான். ரெட்மைன் 5-லிருந்து கோப்பின் பெயரும் உள்ளே இருக்கும் கிளாஸின் பெயரும் விதிப்படி பொருந்த வேண்டும். பழைய பிளகின் ஒன்று பொருந்தாவிட்டாலும் மொத்த ரெட்மைனும் எழுந்திருக்காது, திரையில் நீளமான ஒரு பிழைச் செய்திதான் வரும். எல்லா பிளகின்களையும் வெளியே நகர்த்திவிட்டு வெறும் ரெட்மைனை முதலில் ஓடவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டு வந்தால்தான் எது குற்றவாளி என்று தெரியும். வேண்டவே வேண்டாம் என்று முடிவான பிளகினாக இருந்தால், ஃபோல்டரை அழிக்கும் முன் பழைய சர்வரிலேயே அதன் தரவுத்தள மாற்றங்களைத் திரும்பப் பெறும் கட்டளையை ஓட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அதன் அட்டவணைகள் தரவுத்தளத்திலேயே கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய ஒரு பிளகினுக்குப் பழைய உரிமம் செல்லாது என்று சொல்லி இருபத்தெட்டாயிரம் கேட்டார்கள். அது பட்ஜெட்டில் இல்லாத செலவு. அப்டேட்டுக்கு மதிப்பீடு போடும்போதே ஒவ்வொரு பிளகினுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டு விலையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி நிஜமான கதை. நாங்கள் அமர்த்திய ஃப்ரீலான்ஸர் விவரம் தெரிந்தவர்தான். நேராக லைவ் சர்வரில் கைவைக்காமல், புதிய சர்வரில் முழு நகல் ஒன்று எடுத்து அங்கே சோதித்துப் பார்ப்போம் என்றார். எல்லா வழிகாட்டிகளும் சொல்வது அதைத்தான். தரவுத்தளம், இணைப்புக் கோப்புகள், அமைப்புக் கோப்புகள் எல்லாம் ஒன்றுவிடாமல் நகலெடுத்தார். அதோடு, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் அட்டவணையும் சேர்ந்து வந்துவிட்டது. அதில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எங்கள் சப்போர்ட் மெயில்பெட்டிக்குள் போய்ப் புது மெயில்களை எடுத்து டிக்கெட்டாக்கும் வேலையும் இருந்தது. அதாவது, ஒரு வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஒரே மெயில்பெட்டியை இரண்டு ரெட்மைன்கள் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரே குழாயடியில் இரண்டு பேர் குடம் பிடிக்கிற மாதிரி, யார் முதலில் போகிறார்களோ அவர்களுக்கு மெயில். மெயில்பெட்டியிலிருந்து மெயிலை எடுக்கும் ரெட்மைனின் இந்த ஐமேப் வசதி, தனியாக ஒரு ஃபோல்டர் குறிப்பிடாவிட்டால், டிக்கெட்டாக்கி முடித்த மெயிலைப் பெட்டியிலிருந்தே அழித்துவிடும். சோதனை நகல் எடுத்துக்கொண்ட மெயிலுக்கு மெயில்பெட்டியில் தடயமே கிடையாது.

எல்லா மெயிலும் காணாமல் போயிருந்தால் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்திருப்போம். கிட்டத்தட்ட பாதி லைவுக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வெள்ளிக்கிழமை டிக்கெட் கொஞ்சம் குறைவு என்று எல்லோருக்கும் தெரிந்தது. பண்டிகை முடிந்து இன்னும் எல்லாரும் வேலைக்குத் திரும்பவில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டோம்.

திங்கட்கிழமை காலை திருப்பூரிலிருந்து ஒரு மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களைக் கவனிப்பவர்) கூப்பிட்டார். எப்போதும் தன்மையாகப் பேசுகிறவர், அன்றைக்குக் குரலே மாறியிருந்தது. "மேடம், பேக்கிங் லிஸ்ட்ல கார்ட்டன் வெயிட் தப்பா வருதுன்னு வெள்ளிக்கிழமை காலையிலேயே மெயில் போட்டனுங்க. உங்க சிஸ்டத்துல இருந்து டிக்கெட் நம்பர்கூட வந்துச்சுங்க. மூணு நாளா ஒருத்தருமே கூப்பிடலைங்க." எண்ணைக் கேட்டேன். 18412 என்றார். திறந்து பார்த்தால் அது வேறொரு கம்பெனியின் பட்டன் ஸ்டாக் ரிப்போர்ட் பற்றிய டிக்கெட். எண்ணைத் தப்பாகப் படிக்கிறார் என்று நினைத்து, வந்த மெயிலை அப்படியே அனுப்பச் சொன்னேன். எண் சரியாகத்தான் இருந்தது, அவர் எழுதிய விஷயமும் அதில் இருந்தது, கீழே எங்கள் கம்பெனிப் பெயரும் இருந்தது. அதில் இருந்த லிங்க் மட்டும் எங்கள் முகவரி இல்லை, புது சர்வரின் வெறும் ஐபி எண். அதைப் பார்த்த நொடியில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நகல் எடுத்த நேரத்தில் இரண்டு ரெட்மைனிலும் அடுத்த டிக்கெட் எண் ஒன்றுதானே. 18412 அங்கேயும் பிறந்தது, இங்கேயும் பிறந்தது.

ஃப்ரீலான்ஸரைக் கூப்பிட்டுச் சொன்னதும் பதறிப்போய், "உடனே அந்த நகலை அழித்துவிடுகிறேன்" என்றார். வேண்டாம் என்று தடுத்தேன். இதைப் படிக்கிறவர்களுக்கு இதே நிலைமை வந்தால் தயவுசெய்து இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்: காணாமல் போன மெயில்கள் இருக்கும் ஒரே இடம் அந்த நகல்தான். கிரானை மட்டும் நிறுத்துங்கள், வெளியே மெயில் போகும் வழியை அடைத்துவிடுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். நகல் எடுத்த நேரத்துக்குப் பிறகு அங்கே உருவான டிக்கெட்டுகளை வடிகட்டி சிஎஸ்வியாக எடுத்தோம். இணைப்புகளை அந்த சர்வரின் ஃபைல்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்தோம். நானும் இன்னொரு பெண்ணும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக லைவில் ஏற்றி, ஒவ்வொரு வாடிக்கையாளரையும் போனில் கூப்பிட்டு, "உங்களுக்கு வந்த எண்ணை விட்டுவிடுங்கள், புது எண் இது" என்று சொன்னோம். ஏற்கெனவே உள்ள டிக்கெட்டுக்குப் பதில் எழுதி வாடிக்கையாளர்கள் அனுப்பிய மெயில்கள்தான் இன்னும் கஷ்டம். அவை புது டிக்கெட்டாக இல்லாமல் பழைய டிக்கெட்டுக்குள் குறிப்பாகப் போய் உட்கார்ந்திருந்தன. புதிய டிக்கெட்டுகளை மட்டும் தேடினால் இவை கண்ணில் படாது. கடைசியாக மாறிய தேதியை வைத்துத் தேட வேண்டும்.

அந்த மெர்ச்சண்டைசரின் பிரச்சினையைச் சரிசெய்ய எங்கள் புரோகிராமருக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அவர்களுடைய சரக்கு தூத்துக்குடியில் கப்பலின் கட்-ஆஃபைத் (சரக்கு ஏற்கும் கடைசி நேரத்தை) தவறவிட்டுவிட்டது. எடை சரியில்லாத பேக்கிங் லிஸ்ட்டை வைத்து ஷிப்பிங் பில் போட முடியாது என்று அவர்களுடைய ஏஜெண்ட் நிறுத்தி வைத்திருந்தார். அடுத்த கப்பல் அடுத்த வாரம். பையர் தாமதத்துக்குத் தள்ளுபடி கேட்டார். நாங்கள் அந்த ஆண்டின் ஏஎம்சி (பராமரிப்பு ஒப்பந்த) தொகையில் பாதியை, ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை, விட்டுக்கொடுத்தோம். நியாயமாகப் பார்த்தால் அவர்களுக்கு ஆன நஷ்டம் அதைவிட அதிகம். உறவை முறிக்காமல் அதோடு விட்டது அவர்களுடைய பெருந்தன்மை. எனக்குப் பல ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த அக்கா வெள்ளி, சனி இரண்டு நாளும் டிக்கெட் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் அழைப்புக்காகக் காத்திருந்தார் என்பதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

சோதனை நகலை மறுபடி முதலிலிருந்து செய்தோம். இந்த முறை நாங்களே வரிசையை எழுதிக்கொண்டோம். நகலை இயக்குவதற்கு முன்பே கிரான் அட்டவணையைக் காலி செய்ய வேண்டும், இயக்கிவிட்டு அப்புறம் செய்வதற்குள் ஐந்து நிமிடம் ஓடிவிடும். மெயில் அமைப்புக் கோப்பில் லைவ் மெயில்பெட்டியின் பாஸ்வேர்டே இருக்கக்கூடாது, சோதனைக்கென்று தனி மெயில்பெட்டி ஒன்று போடுங்கள். வெளியே மெயில் போகும் போர்ட்டுகளை சர்வரின் ஃபயர்வாலிலேயே அடைத்துவிடுங்கள், ரெட்மைன் அமைப்பை மட்டும் நம்ப வேண்டாம், பிளகின் ஏதாவது தன் வழியில் அனுப்பிவிடும். நகலின் அடுத்த டிக்கெட் எண்ணை தொண்ணூறாயிரத்துக்கு மேல் தூக்கி வைத்துவிடுங்கள். தரவுத்தளத்தில் ஒரே ஒரு வரிக் கட்டளைதான். பிறகு எந்த எண் எங்கே பிறந்தது என்று பார்த்ததும் தெரியும். நகலின் நிறத்தையும் மாற்றினோம். மேல்பட்டை முழுக்க ஆரஞ்சு. லைவில், டிக்கெட்டாக மாறிய மெயிலை அழிக்காமல் ஒரு தனி ஃபோல்டருக்கு நகர்த்தும்படியும், டிக்கெட்டாக மாற்ற முடியாததை இன்னொரு ஃபோல்டருக்கு நகர்த்தும்படியும் சொல்லிவிட்டோம். இரண்டாவது ஃபோல்டரைத் தினமும் ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். முதல் வாரத்திலேயே அதில் கும்பிடும் கை எமோஜி போட்ட மெயில்கள் வந்து கிடந்தன. மைஎஸ்கியூஎல்லில் பழைய யுடிஎஃப்8 என்பது ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் ஏற்கும். தமிழ் எழுத்து மூன்று பைட்டில் அடங்கிவிடும், எமோஜிக்கு நான்கு வேண்டும். அட்டவணைகளை யுடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றியதும் சரியானது. தமிழில் டிக்கெட் வருகிற இடமாக இருந்தால், நகலெடுத்து முடித்ததும் பழைய தமிழ் டிக்கெட் ஒன்றைத் திறந்து எழுத்துகள் உடையாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

லைவைப் புது சர்வருக்கு மாற்றிய பிறகு கிட் இணைப்பு நின்றது. ரெட்மைன் சொன்ன காரணம், அந்தக் கோப்போ மாற்றமோ ரெப்போவில் (கிட் நிரலை வைத்திருக்கும் ஃபோல்டரில்) இல்லை என்பது. ரெப்போ அங்கேயேதான் இருந்தது. 2022 ஏப்ரலில் கிட்டில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. ரெப்போ ஃபோல்டர் ஒரு பயனர் பெயரிலும், அதைப் படிப்பவர் இன்னொரு பயனர் பெயரிலும் இருந்தால் கிட் இப்போது மறுத்துவிடும். பழைய சர்வரில் பழைய கிட் இருந்ததால் பிரச்சினையே இல்லை. ரெட்மைன் எந்தப் பயனராக ஓடுகிறதோ, அந்தப் பயனருக்கு அந்த ஃபோல்டரைப் பாதுகாப்பானது என்று கிட் அமைப்பில் குறித்துக் கொடுத்தால் போதும். ரெட்மைன் காட்டும் செய்தியை நம்பி நான் ரெப்போவைத் தோண்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பயனராக உள்ளே போய் கிட் கட்டளையை நேரடியாக ஓட்டிப் பார்த்தபோதுதான் உண்மையான பிழை கண்ணில் பட்டது. எந்த இணைப்பு நின்றாலும் ரெட்மைனை ஒதுக்கிவிட்டு, அது பின்னால் ஓட்டும் கட்டளையை நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

பாதுகாப்புப் பட்டியலின் இரண்டாவது கேள்விக்காக, வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளைப் பூட்டினோம். மறுநாளிலிருந்து கணக்குப் பிரிவின் எக்ஸெல் கோப்பில் நேரக்கணக்கு புதிதாக ஏறவில்லை. பெங்களூர் போனவரின் ஏபிஐ கீயை, அதாவது நிரல்கள் ரெட்மைனுக்குள் நுழையப் பயன்படும் சாவியைத்தான், அந்தக் கோப்பை நிரப்பும் ஸ்கிரிப்ட் பயன்படுத்திக்கொண்டிருந்தது. ஸ்கிரிப்டும் பிழை எதுவும் காட்டாமல் பழைய எண்களையே வைத்துக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் பில் போடும் நேரமாக இருந்திருந்தால் இன்னொரு நஷ்டம். கணக்கைப் பூட்டும் முன், ரெட்மைன் சர்வரின் பதிவுகளில் எந்த முகவரியிலிருந்து ஏபிஐ அழைப்புகள் வருகின்றன என்று ஒரு மாதத்துக்கு எடுத்துப் பாருங்கள். நீங்கள் மறந்துபோன எல்லா ஸ்கிரிப்டும் அங்கே மாட்டும். ஒவ்வொன்றுக்கும் மனிதர் பெயரில் இல்லாத தனிக் கணக்கு ஒன்று உருவாக்கி, அதற்கு எவ்வளவு அனுமதி தேவையோ அவ்வளவு மட்டும் கொடுங்கள். அவர் கணக்கு அட்மின் கணக்கு, அந்தக் கீ ஸ்கிரிப்டில் அப்பட்டமாக எழுதியிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

டீம்ஸ் செய்திகளும் அதே ஆள் போட்டுவைத்த வெப்ஹுக் (வெளி மென்பொருளின் செய்தியை வாங்கிக்கொள்ளும் இணைய முகவரி) வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. அந்தப் பழைய வகை இணைப்புகளை நிறுத்தப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2024 ஜூலையிலேயே அறிவித்திருந்தது. தொடர்ந்து ஓட வேண்டுமென்றால் 2025 ஜனவரி 31-க்குள் முகவரியைப் புதுப்பிக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. எங்களுக்கு இது தெரிந்தது பாதுகாப்பு வேலைக்காக ஒவ்வொரு இணைப்பாகத் தேடிப் பார்த்ததால்தான். டீம்ஸிலேயே இருக்கும் ஒர்க்ஃப்ளோஸ் வசதி வழியாகப் புதிதாகப் போட்டோம். இதில் ஒரு விஷயம்: அந்த ஒர்க்ஃப்ளோ அதை உருவாக்கியவரின் கணக்கோடு சேர்ந்தது. அவர் போய்விட்டால் மறுபடி அதே கதை. உருவாக்கும்போதே இன்னொருவரையும் உரிமையாளராகச் சேர்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நான் செய்துவைத்த ஏற்பாடுகளில் ரொம்ப உபயோகமானது ஒன்று. தினமும் காலை எட்டரைக்கு, எங்கள் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒரு வெளி மெயில் முகவரியிலிருந்து சப்போர்ட் பெட்டிக்கு ஒரு மெயில் தானாகப் போகும். பதினைந்து நிமிடத்துக்குள் லைவ் ரெட்மைனில் அது டிக்கெட்டாகி, டீம்ஸில் செய்தி வந்து, பதில் மெயில் திரும்பி வந்தாக வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் எனக்கும் இன்னொருவருக்கும் போனில் எஸ்எம்எஸ் வரும். மெயிலிலோ டீம்ஸிலோ அந்த எச்சரிக்கை வரும்படி வைக்காதீர்கள், நின்றுபோயிருப்பதே அவைதானே. காசு என்று பார்த்தால் எஸ்எம்எஸ்ஸுக்கு ஆகும் சில்லறைதான். போன மாதம் அது ஒருநாள் அடித்தது. அழிக்காமல் ஃபோல்டருக்கு நகர்த்திய மெயில்கள் சேர்ந்து சேர்ந்து மெயில்பெட்டி நிறைந்துபோய், காலை ஏழு மணியிலிருந்து புது மெயில் உள்ளே வரவில்லை. ஒன்பது மணிக்கு இடம் ஒதுக்கி, திருப்பியனுப்பப்பட்டவர்களை போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டோம். மூன்று மாதத்துக்கு முந்தைய மெயில்களை பேக்கப்புக்கு மாற்றிவிட்டு ஃபோல்டரைச் சுத்தம் செய்வது இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை வேலை.